கை கொடுக்கக் கூடாத ஓட்டம்

பிப்ரவரி 11
மூன்றாம் மாடி வீடு

சேற்றுலகச் சக்கரவர்த்தினியும், கண்டதும் முள்கம்பிகளே மூர்ச்சை போட்டு விழும் வீராங்கனையுமான என் அருமை மருமகளுக்கு,

மாமன் எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் நான் நம்பமாட்டேன். ஆகையால் அந்த விஷயத்தை இத்துடன் விட்டுவிடுவோம்.

நீ அனுப்பிய புகைப்படம் வந்து சேர்ந்தது. உறைக்குள் யாரோ அடுப்புக்கரியை அரைத்துப் பூசி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் சேறு. சேற்றுக்குள்ளே இரண்டு கண். அந்தக் கண் மட்டும் நம் குடும்பத்துக் கண். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"யாருங்க இது? குளத்துல விழுந்துட்டாங்களா?" என்றார்.

"என் அக்கா மகளய்யா! தடை ஓட்டத்துல ஓடியிருக்கா! சுவரு, கயிறு, முள்கம்பி, ஐஸ் தண்ணி, எல்லாத்தையும் தாண்டியிருக்கா!"

"அவ்வளவு தடை இருக்குற எடத்துல எதுக்குங்க ஓடணும்? சுத்திப் போனா ஆச்சு."

இந்த மனிதர் தைக்கும் சட்டையில் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருப்பதன் ரகசியம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அவரை விடு. அன்று மாலையே பஸ் நிலையத்தில் என் மைக்கைப் பிடித்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து உன் வெற்றியை உலகுக்கு அறிவித்தேன். கிளம்பிய பஸ்கள் நின்றன. போய்விட்ட பஸ்கள் திரும்பி வந்தன. ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதார்கள். ஒரு கைக்குழந்தை எழுந்து நின்று கைதட்டியது என்றால் பார்த்துக்கொள். நிலைய மேலாளர் மட்டும் ஓடிவந்து, "மைக் மாமா, பஸ் நேரத்தைச் சொல்லுங்க, குடும்ப விஷயத்தை மைக்கை அணைச்சுட்டுப் பேசுங்க" என்றார். பொறாமை.

போன் எடுப்பதில்லை என்று உன்னைக் குறை சொல்ல மாட்டேன். "போன்ல பேச ஒண்ணும் வரலை மாமா. எழுதுங்க, பதில் போடறேன்" என்றாய். எழுதுகிறேன். ஆனால் ஒன்று. உன் அம்மா போனதும் நீ அந்த ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வேலையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாயே, அன்று படியில் நின்று சொன்னாய்: "இனிமே இந்த வீட்டுக்கு வரமாட்டேன்னு நெனக்கிறேன் மாமா. உங்க மேல ஒண்ணும் இல்ல. வரணும்னு தோணலை, அவ்வளவுதான்." பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னாய். நான் தொழில்முறையில் பஸ் நேரம் சொல்பவன். நானே இன்னும் கொஞ்சம் உணர்ச்சியோடு சொல்வேன்.

அக்காவின் அறை அப்படியே இருக்கிறது. ஒரு தடவை வந்து பார். எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று சொல். எனக்கு இந்தப் பூமியில் மிச்சமிருக்கும் சொந்தம் நீ ஒருத்தி. தையல்காரரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உன் புகழ் பாடியே தொண்டை கட்டிப்போன
மாமா


பிப்ரவரி 27

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

ஓட்டத்தில் நானாகச் சேரவில்லை. கடையில் பில் போடும் பெண் தன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். அன்று காலை அவளுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை, போனேன்.

புதியவர்கள் பிரிவில் நிறுத்தினார்கள். முதல் தடை ஒரு சுவர். என்னைவிட உயரம். அடியில் போய் நின்றேன். முன்பின் தெரியாத ஒருவர், நல்ல பருமன், கேட்காமலே மண்டிபோட்டு, "ஏறுங்க சிஸ்டர்" என்றார். மேலேயிருந்து ஒருவர் மணிக்கட்டைப் பிடித்தார். கீழேயிருந்து யார் யாரோ தள்ளினார்கள். அந்தப் பக்கம் இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். நன்றி சொன்னேன்.

ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் முங்கி எழுந்தவர்கள் எல்லோரும் அலறினார்கள். நான் எழுந்து நடந்தேன். பின்னால் வந்த பெண், "உங்களுக்குக் குளிரவே இல்லையா?" என்று கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். குளிர்ந்தது. அது தெரிகிறது. ஆனால் பக்கத்து அறையில் யாருக்கோ குளிர்வது மாதிரி இருந்தது.

இதில் ஒரு வசதி உண்டு. ஒரு தடை முடிந்ததும் அடுத்தது எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அடுத்த ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

அம்மா அறையில் இருப்பதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் வந்து பார்க்க வேண்டியது எதுவும் இல்லை.

நான்


மார்ச் 20
மூன்றாம் மாடி வீடு

ஐஸ் தொட்டியையே நடுங்கவைத்த அடலேறே,

உன் உத்தரவைத் தலைமேல் தாங்கி, அக்காவின் கட்டிலைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். தலைப்பக்கத்தைத் தூக்கத் திருகு வைத்த இரும்புக் கட்டில், உனக்குத் தெரியாததா. பஸ் நிலையத்துப் பெருக்கும் அம்மாவின் மாமியாருக்குத் தேவைப்பட்டது. நானும் தையல்காரரும் போருக்குக் கிளம்பினோம். அவர் வெளியே, நான் உள்ளே. கட்டில் நிலைக்கதவில் குறுக்காகச் சிக்கியது. சிக்கியது என்றால் சாதாரணச் சிக்கல் இல்லை. உலகம் தோன்றியபோதே அந்தக் கட்டில் அங்கேதான் இருந்தது, அதைச் சுற்றித்தான் வீட்டைக் கட்டினார்கள் என்று சொல்லும்படியான சிக்கல். நான் அறைக்குள் சிறைப்பட்டேன். மன்னர்கள் பிறந்து, ஆண்டு, மாண்டார்கள். தையல்காரர் கட்டிலுக்கு அடியில் டீ தம்ளரை நகர்த்திக் கொடுத்தார்.

"இப்ப என்னங்க செய்யறது?"

"தடை ஓட்டக்காரங்க சுத்திப் போகக் கூடாதுய்யா. எதிர்த்து நிக்கணும்."

"நீங்க நிக்கறீங்க. எனக்கு ஜாக்கெட் தைக்கற வேலை இருக்கு."

கடைசியில் உள்பக்கமாகவே இழுத்தோம். அது பழைய இடத்துக்கே போய், தரையில் தான் பதித்துவைத்திருந்த நாலு குழியில் காலை வைத்து நின்றுகொண்டது. பெருக்கும் அம்மாவிடம் கட்டிலுக்கு வர மனமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இதற்கிடையில் நானும் பயிற்சி தொடங்கிவிட்டேன். பால்கனியில் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். தொங்கினேன் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ தெரியாது, அதற்குள் கீழே இருந்தேன். நான் விழுந்த அதிர்ச்சியில் எதிர்க்கட்டிடம் ஓரடி பின்வாங்கியது. ஈரத்துணி முழுக்க என் மேல். அந்தக் கோலத்தில் நான் எழுந்து நின்றதைப் பார்த்த காக்கைகள் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

அக்கா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். வாதம் வந்த பிறகு அவளுக்கு வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கும். அந்த அரைச் சிரிப்புக்காக நான் அவிழ்த்துவிட்ட பொய்களை வரிசையாக நிறுத்தினால் நிலாவைத் தொட்டுவிட்டு மீதிக்கு வீடு கட்டலாம்.

நீ எப்போதாவது சிரிக்கிறாயா? சும்மா கேட்டேன்.

முதுகில் தைலத்துடன்
மாமா


மே 9

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கம்பியில் தொங்கும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

கட்டிலைக் கழற்றிப் பகுதி பகுதியாக வெளியே எடுக்கலாம். கால்மாட்டில் நான்கு நட்டு இருக்கிறது.

நான் இப்போது ஒரு பயிற்சியாளரிடம் போகிறேன். எப்போதும் கழுத்தில் விசில் தொங்குவதால் எல்லோரும் அவரை விசில் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேச்சு குறைவு. கடை திறப்பதற்கு முன்னால் அவருடைய மைதானம். தொங்குவது, ஏறுவது, மூட்டை தூக்கிக்கொண்டு நடப்பது. பிறகு கடைக்கு வந்து லென்ஸ் அறுக்கிறேன். லென்ஸ் அறுக்கும்போது ஃபிரேமின் அளவுக்குக் கண்ணாடியின் ஓரம் தேய்ந்து சரியாக வர வேண்டும், வேறு எதையும் நினைக்க முடியாது. இரண்டு வேலையும் ஒரே மாதிரிதான்.

நடுப்பிரிவில் இரண்டு தடவை ஓடிவிட்டேன். அதில் ஒரு தடையைத் தாண்ட முடியாவிட்டால் தண்டனைச் சுற்று ஒன்று ஓடிவிட்டு மேலே போகலாம். அடுத்து உயர்பிரிவு. அங்கே தண்டனை கிடையாது. ஆரம்பத்தில் மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை கட்டுவார்கள். தாண்ட முடியாவிட்டால் அதே தடையைத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யலாம். முடியவே முடியாது என்று ஆனால் நடுவர் பட்டையை வெட்டிவிடுவார். பட்டையோடு முடிப்பவர்களுக்குத்தான் இடம். யாரும் யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. வெளியாள் கை மேலே பட்டாலே பட்டை போய்விடும்.

அது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்று எழுதலாம் என்று நினைக்கிறேன்.

போன வாரம் உள்ளங்கைத் தோல் உரிந்து கம்பியெல்லாம் ரத்தம். விசில்தான் பார்த்து நிறுத்தினார். "வலிக்கலையா?" என்றார். "தெரியலை" என்றேன். "தெரியலைன்னா அது நல்லதில்லம்மா" என்றார். ஓடுவதற்கு நல்லதுதானே என்று கேட்டேன். பஞ்சும் மருந்தும் எடுத்துவந்தார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு: கடையில் வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

நான்


ஜூலை 2
மூன்றாம் மாடி வீடு

தொங்கும் தோட்டங்களின் தலைவியே, வளையங்களின் வேந்தியே,

கேட்டாயா சேதி! உன் உயர்பிரிவு ஓட்டம் அடுத்த மாதம் இங்கேதான் நடக்கப்போகிறது! பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய திடலில் இப்போதே மரத்தை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் சும்மா இருப்பேனா? நேரே போய் அமைப்பாளர் முன் நின்றேன்.

"ஐயா, நான் பஸ் நிலையத்து மைக். என் குரல் ஏழு கடலுக்கும் கேட்கும். மைக்கை என்னிடம் கொடுங்கள்."

"மைக்குக்கு ஆள் இருக்குங்க. தடைகளுக்குத்தான் நடுவர்கள் வேணும். சாதாரண ஆளுங்களுக்கே பயிற்சி கொடுத்துடுவோம். பட்டையை வெட்டத் தெரியுமா?"

மைக்கைக் கேட்டவனுக்குக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டார்கள்! தையல்காரரிடம் போய் ஒரு வாரம் வெட்டிப் பழகினேன். அவருடைய நல்ல துணி ஒன்று இப்போது கைக்குட்டைகளாக இருக்கிறது.

மஞ்சள் சட்டை, கத்தரிக்கோல், ஒரு கொடி. வளையத் தடைக்கு நான்தான் நடுவர். மேலே தொங்கும் வளையங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தாவி, கடைசி வளையத்தைத் தாண்டி மணியை அடிக்க வேண்டும். கால் தரையில் பட்டால் மறுபடி முதல் வளையத்திலிருந்து. எல்லாம் பாடமாகிவிட்டது. இந்தப் பதவி கிடைத்த நாள் முதல் என் நடையே மாறிவிட்டது. நான் தெருவில் வந்தால் நாய்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிடுகின்றன.

நீ ஓடினால் இந்த ஊரில்தான் ஓட வேண்டும். இதில் முடித்தால் எல்லா ஊர்க்காரர்களும் ஓடும் பெரிய போட்டிக்கு எடுப்பார்களாமே. வந்தால் வீட்டில்தான் தங்க வேண்டும். கூடத்தில் படுத்துக்கொள். அந்த அறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். சாப்பாடு நான் சமைக்க மாட்டேன், பயப்படாதே.

படியேறி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாலே போதும், பாப்பா.

நடுவர் பெருந்தகை
மாமா


ஜூலை 15

மாமாவுக்கு,

அந்த ஓட்டத்துக்கு ஏற்கனவே பெயர் கொடுத்திருக்கிறேன். திடலுக்குப் பக்கத்தில் லாட்ஜில் தங்குகிறேன். ஓட்டம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன், மறுநாள் கடை.

ஒரு விஷயம். அன்று நீங்கள் மாமா இல்லை, நடுவர். என் பெயரைச் சொல்லிக் கத்தக் கூடாது. பேசக் கூடாது. கிட்டே வரக் கூடாது. எனக்கு இது வேண்டும். இந்த ஒன்றுதான் இப்போது எனக்கு வேண்டும் என்று இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான்


ஜூலை 22
மூன்றாம் மாடி வீடு

முன்பின் அறியாத போட்டியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டோம். தங்களை நாம் இதற்கு முன் பார்த்ததே இல்லை. தாங்கள் யார்? எந்த ஊர்? பத்து மாதக் குழந்தையாக எம் மடியை நனைத்தவர் வேறு யாரோ. அன்று யாம் கல். கல்லாவது சில சமயம் வெயிலில் சுடும், யாம் அதுவும் மாட்டோம். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்போம். இது சத்தியம்.

நன்றாக ஓடு, பாப்பா. (இது கல் சொன்னதில்லை.)

வளையத் தடை நடுவர்


ஆகஸ்ட் 21

மாமா,

பஸ்ஸில் எழுத ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுதி அதையும் கிழித்தேன்.

நான் விழவில்லை. அதை முதலில் எழுதுகிறேன். நான் விழவில்லை. இடது கை வழுக்கிவிட்டது, வலது கை வளையத்தில் இருந்தது. ஒரு கையில் தொங்கினால் உடம்பு சுற்றும். அது எப்போதும் சுற்றும். சுற்றி வருகிற வேகத்திலேயே அடுத்த வளையத்தைப் பிடிப்பதுதான் வித்தை, அதைத்தான் இத்தனை மாதமாகப் பழகினேன். அடுத்த வளையம் என் கண்ணுக்கு எதிரில் வந்துவிட்டது. அதற்கு அப்புறம் மணிதான். அப்போது என் இடுப்பில் இரண்டு கை. "பிடிச்சுட்டேன் பாப்பா, பிடிச்சுட்டேன், விட்டுடு."

யார் பிடிக்கச் சொன்னது உங்களை?

தலைமை நடுவர் வந்தார். "நடுவர் தொட்டாலும் தொட்டதுதான்மா. வருத்தமாத்தான் இருக்கு" என்றார். பட்டையை வெட்டச் சொன்னார். நீங்கள் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றீர்கள். எனக்குப் பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான்தான் அதை உங்களிடமிருந்து வாங்கி, என் பட்டையை நானே வெட்டிக்கொண்டேன். அந்த வேலையைக்கூட நான்தான் செய்ய வேண்டியிருந்தது.

எந்த வேலையை நான் செய்யவில்லை? நாலு வருஷம். காலையில் அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. நாற்காலியிலிருந்து குளியலறைக்கு. மறுபடி கட்டிலுக்கு. புண் வராமல் இருக்க இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நீங்கள் வேலை முடிந்து ஜம்மென்று வருவீர்கள். கால்மாட்டில் உட்கார்ந்து கதை விடுவீர்கள். அம்மா சிரிப்பாள். உங்கள் கதை முடியட்டும் என்று மூத்திரச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றிருக்கிறேன், உங்களுக்குத் தெரியுமா? உங்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வரும். என்னைப் பார்த்தால், "பாத்து, பாத்து." தூக்கும்போது "பாத்து." இறக்கும்போது "பாத்து." நாலு வருஷத்தில் அம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சொல் அதுதான்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது "நீ தள்ளிக்கோ, நான் தூக்கறேன்" என்று சொன்னீர்களா? கை வேண்டியிருந்த காலமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தீர்கள். கையே கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிற ஓரிடம் எனக்குக் கிடைத்தது. அங்கே வந்து கை கொடுத்தீர்கள்.

இன்று கடையில் ஒரு லென்ஸ் அளவு தப்பியது. எடுத்துச் சுவரில் அடித்தேன். முதலாளி எழுந்து நின்றுவிட்டார். பில் போடும் பெண் என்னைக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். நான் யாரையும் இப்படித் திட்டியதில்லை, எதையும் உடைத்ததில்லை. எல்லாம் உங்களால்.

இனி எனக்கு எழுதாதீர்கள்.


செப்டம்பர் 3
மூன்றாம் மாடி வீடு

பாப்பா,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நீ சொன்னது அத்தனையும் சரி. எதையும் நீ பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்துவது இந்தக் குடும்பத்தில் என் வேலை.

என்னை இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தவள் அக்கா. நான் அவளைத் தூக்கினால், அவள் இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று இருந்தது. அதனால் வாயாலேயே சமாளித்தேன். இது காரணம். நியாயம் என்று சொல்லவில்லை.

அன்று நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் தடைக்குச் சற்று முன்னால் மணல் மூட்டை. நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரியும். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கோடு வந்ததும் தொப்பென்று கீழே போட்டுவிட்டு அடுத்ததுக்கு ஓடினார்கள். நீயும் வந்தாய். நீ தோளில் போடவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாய். ஒரு கை அடியில், ஒரு கை முதுகுப்பக்கம். கோட்டுக்கு வந்ததும் முட்டியை மடக்கி உட்கார்ந்தாய். முதலில் கால்பக்கத்தை இறக்கினாய். பிறகு தலைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தரையில் விட்டாய். கையை உருவிக்கொண்டு எழுந்து ஓடிவந்தாய். பின்னால் வந்த இரண்டு பேர் உன்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். நீ அதைக் கவனிக்கவேயில்லை.

மூட்டைக்கு ஏது தலை, பாப்பா?

அடுத்து நேரே என் வளையத்துக்கு வந்தாய். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றேன். விதி மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். விதி ஞாபகம் இருந்தது. உன் நிபந்தனையும் என் சத்தியமும் ஞாபகம் இருந்தன. உன் இடது கை வழுக்கியது. அதற்கு அப்புறம் என் கைகள் உன் இடுப்பில் இருந்தன. நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ஆளைத் தாங்குவது எப்படி இருக்கும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். கண்மூடித் திறக்கும் நேரம்தான். நீ நாலு வருஷம்.

நடுவர் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள்.

நீ சொன்னபடி அறையைக் காலி செய்துவிடுகிறேன். நட்டைக் கழற்றிக் கட்டிலைப் பிரிக்கத் தையல்காரர் ஒரு ஆளைச் சொல்லியிருக்கிறார். இருபதாம் தேதி வருவான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


செப்டம்பர் 9

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது.

மூட்டையை நான் அப்படி இறக்கினேன் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வழக்கம்போல் அளந்துவிடுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். விசிலிடம் கேட்டேன். "முதல் நாள்லேர்ந்து அப்படித்தான் எறக்கற. தூக்கிப் போட்டா நேரம் மிச்சமாகும்னு சொல்ல நெனச்சேன். சொல்லலை" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கழுத்தில் இருந்த விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அதுதான் வருகிறது. பல் தேய்க்கும்போது இருக்கிறது, கடைக்குப் போகும்போது கூடவே வருகிறது. ஒன்றுமே வராமல் இருந்ததற்கு இது தேவலை. அதனால் இப்போதைக்கு இதை விடப்போவதில்லை. மன்னிப்பு எதுவும் கேட்காதீர்கள்.

கட்டிலைப் பிரிக்க வரும் ஆளை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சனிக்கிழமை கடை முடிந்ததும் கிளம்பி வருகிறேன். இந்தச் சண்டையைக் கடிதத்தில் போட முடியவில்லை. ஒரு வரி எழுதுவதற்குள் அடுத்த வரி ஆறிப்போகிறது. நேரில் போட வேண்டும். நான் அந்த அறையில் நின்றுகொண்டு பேசுவேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் சொல்லி முடிக்கும்வரை நடுவில் கதை விடக் கூடாது, எழுந்து போகக் கூடாது, அழவும் கூடாது. அழுவதாக இருந்தால் முதலில் நான்.

நான்